ஷெட்டில் கிடந்த ஒன்றரை இன்ஜின்

எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் ஒன்றரை இன்ஜின் கிடந்தது. ஒன்று முழுசு. இன்னொன்று பிரித்துப்போட்டது; சாக்கிலும் பெயின்ட் டப்பாவிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலுமாகச் சிதறியிருந்தது. எல்லாமே அம்பாசிடர் சாமான். முன்வாசலில் நிற்கிற 1977 மார்க் 3 வண்டிக்கு என்று அப்பா சேர்த்து வைத்தவை.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து அம்மா ஆரம்பித்தார். "ஷெட்டக் காலி பண்ணிக் குடு சாமி. ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விட்டா மாசம் அஞ்சாயிரம் வரும். இப்ப எலிதான் வாடகை இல்லாம குடியிருக்குது." மறுக்க என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் போடவும் மனசு வரவில்லை. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. எங்கள் வண்டியில் இருக்கும் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அதற்கும் முந்தைய தலைமுறை, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) வழி வந்தது.

இத்தனை சாமான் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் டிராவல்ஸ் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் அம்பாசிடர்களில் டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டீசல் மலிவு, கணக்கு அவ்வளவுதான். கழற்றிய பெட்ரோல் இன்ஜினை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் டிராவல்ஸ் நடத்தியவர் அப்படிக் கழற்றிய இரண்டு இன்ஜின்களை அப்பாவுக்குச் சல்லிசாகக் கொடுத்தார். அன்றைக்கு அது குப்பை. இன்றைக்குப் பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்கிறவர்கள், "பெட்ரோல் இன்ஜின் ஒரிஜினல் கிடைக்குமா?" என்று ஊர் ஊராக விசாரிக்கிறார்கள். 50 வயது தாண்டிய, இன்ஜினையும் சேசிஸையும் பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-ல் ஒரு விதி வந்தது. அதன்பிறகு அந்த ஆசை கொஞ்சம் கூடியிருக்கிறது.

எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். எழுபதைத் தொடப்போகிறவர், அப்பாவுக்குப் பழக்கம். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு சாமானைக்கூடத் தொடாமல் சொன்னார்: "மொதல்ல அளந்து பாருங்க தம்பி. அளக்காம வித்தாலும் ஏமாந்துருவீங்க, அளக்காம வெச்சிருந்தாலும் ஏமாந்துருவீங்க."

அவர் சொன்னது சரியென்று கிராங்கிலேயே தெரிந்துவிட்டது.

கிராங்க் என்றால் பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு; இரண்டு இருந்தன. ஒன்றை அப்பா கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, கோணி கட்டி, அலமாரிக்கு அடியில் குழந்தை மாதிரி படுக்க வைத்திருந்தார். மற்றது முழு இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. மெழுகுத்தாள் சுற்றியதுதான் பொக்கிஷம் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. கணபதியில் ஒரு கிராங்க் கிரைண்டிங் பட்டறைக்கு எடுத்துப்போய் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தோம். இந்த இன்ஜினில் மெயின் ஜர்னலின், அதாவது கிராங்க் பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதியின், புது அளவு 2 அங்குலம். பொக்கிஷம் 1.960 காட்டியது. அதாவது ஏற்கெனவே 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்த்தாகிவிட்டது. இன்னும் தேய்த்தால் அந்தச் சிறிய அளவுக்குப் பொருந்தும் பேரிங் தேடி அலைய வேண்டியதுதான். இந்தக் கிராங்கை ஒருமுறை பூட்டி ஓட்டலாம். அடுத்த முறை கோடு விழுந்தால் கதை முடிந்தது.

முழு இன்ஜினை ஒரு வாரம் கழித்துத்தான் பிரிக்க முடிந்தது. முன்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. "ரெடியா இருக்குது, தூக்கி வெச்சா ஓடும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த இன்ஜின் அது. யாரோ ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். திறந்து கிடந்த அந்த ஓட்டை வழியாக எத்தனையோ மழைக்காலத்து ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங் போரோடு, அதாவது சிலிண்டர் துளையின் சுவரோடு, துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் விட்டோம். மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றியபோது, ரிங் நின்றிருந்த இடத்தில் போரில் குழி குழியாக அரித்திருந்தது. ஆனால் உள்ளே இருந்த கிராங்க்? 1.990. வெறும் 10 தௌ. வெயிட் பகுதியில் மட்டும் துரு, ஜர்னல்கள் பளபளவென்று இருந்தன. பொக்கிஷமும் குப்பையும் இடம் மாறிக்கொண்டன.

இன்ஜினை முழுசாக எடுத்து வைக்கிறவர்கள் பிளக் ஓட்டைகளை மூடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு ஓட்டையிலும் நாலு சொட்டு ஆயில் விட்டு, கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அப்பா எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர், இதை மட்டும் விட்டுவிட்டார்.

அவருடைய நோட்டுதான் அடுத்த வழியைக் காட்டியது. எங்கள் வண்டியின் இன்ஜினை 1998-ல் பிரித்தபோது போர் 30 தௌ பெரிதாக்கியதும், கிராங்க் 10 தௌ தேய்த்ததும் அதில் எழுதியிருந்தன. அதை வைத்துக்கொண்டு ஷெட்டில் இருந்த புதுப் பெட்டிகளைத் திறந்தேன். ஒரு பிஸ்டன் செட், சென்னையில் செய்த ஐ.பி. பிஸ்டன், ரிங்கோடு, பிரிக்காத பெட்டி, அளவு 20, அதாவது 20 தௌ பெரிதாக்கிய போருக்கானது. பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் வண்டிக்கு ஒரு உபயோகமும் இல்லை. போரைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. உள்ளே லைனர் என்ற குழாயை இறக்கினால்தான் உண்டு. எங்களுக்கு அடுத்த அளவு 40. சிலந்தி கூடு கட்டிய, பெட்டி கிழிந்த இன்னொரு செட் 40 ஆக இருந்தது. அதைத்தான் எடுத்து வைத்தேன். அழகான பெட்டி விற்பனைக்குப் போனது.

பேரிங்கிலும் இதே கணக்குதான். பேரிங் ஷெல்லின் முதுகில் எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்ட், அதாவது தேய்க்காத கிராங்குக்கான அளவு), 010, 020 என்று குத்தியிருப்பார்கள். என் வண்டியின் கிராங்கும் ஸ்பேர் கிராங்கும் இரண்டுமே 10-ல் நிற்கின்றன. அடுத்து தேய்த்தால் 20, அதற்கடுத்து 30. அந்த இரண்டு அளவையும் வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டர்ட் செட் இரண்டு இருந்தது, என் வாழ்நாளில் எனக்குத் தேவைப்படப் போவதில்லை. ஆனால் கிராங்கை இதுவரை தேய்க்காத ஒருவருக்கு அது தேவை. ஒரு சாமான் அரிதா இல்லையா என்பதைவிட, என் வண்டி அடுத்து எந்த அளவுக்குப் போகும் என்ற கேள்விதான் எனக்கு உதவியது. எது அரிது என்று பார்த்திருந்தால் மொத்த ஷெட்டையும் வைத்துக்கொள்ளக் காரணம் கிடைத்திருக்கும்.

அரிது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த பி.எம்.சி. இன்ஜின் குடும்பம் இந்தியாவோடு நின்றதல்ல. எம்.ஜி.ஏ. 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி இன்ஜின்தான். அந்தக் கார்களை அங்கே இன்னும் பைத்தியமாகப் பராமரிக்கிறார்கள். அதனால் பேரிங், டைமிங் செயின், கேஸ்கட் செட் மாதிரி உள்சாமான்கள் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கை சுடும், ஆனாலும் கிடைக்கும். கிடைக்காதது வேறு ரகம்: மேனிஃபோல்டு, டைனமோ தாங்கும் பிராக்கெட், ஃபேன் புல்லி, இன்ஜின் மவுண்டிங் தகடு, டாப்பெட் மூடியில் ஆவி போகும் குழாய். விலை போகாத, பெயர்கூடச் சரியாகத் தெரியாத துண்டுகள். இந்தப் புத்தி எனக்கு விற்றுமுடித்த பிறகுதான் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் மூன்று இருந்தன. வார்ப்பிரும்பு ஹெட், ஒவ்வொன்றையும் தூக்கினால் முதுகு பேசும். இந்த இன்ஜினில் நடு இரண்டு சிலிண்டருக்கும் புகை போகும் வழி ஒன்றுதான், அதனால் அந்த இடத்தில் சூடு அதிகம். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு நடுவே மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாது. காந்தம் வைத்து வெடிப்பு பார்க்கும் பட்டறையில் கொடுத்தேன். மூன்றில் இரண்டு வெடித்தவை. நன்றாக இருந்த ஒன்றையும் அப்படியே வைக்கக்கூடாது என்றார் அண்ணன். 2000-லிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் அந்த ஈயத்தை நம்பிப் பிழைத்தது, அது இல்லாவிட்டால் மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் இறக்கி வைத்துவிட்டால், தேவைப்படும் அன்றைக்கு நேரே பூட்டலாம். செய்துவிட்டேன்.

வெடித்த ஹெட்டுகளை விற்கும்போது வெடிப்பு இருக்கும் இடத்தில் மஞ்சள் பெயின்டால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் சிரித்தார். அவருக்கு வேண்டியது ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கும் கை) ஸ்டட்டும் வால்வு ஸ்பிரிங்கும்தான்.

ஹார்லிக்ஸ் பாட்டில் கதை வேறு. அதில் எட்டு டாப்பெட், அதாவது கேம் தண்டின் மேடுகள் மேல் ஓடி வால்வைத் திறக்க உந்தும் குப்பிகள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எது எந்த கேம் மேல் ஓடியது என்ற குறிப்பு இல்லை. ஒவ்வொரு டாப்பெட்டும் தனக்கு நேர் இருக்கும் கேமோடு சேர்ந்து தேய்ந்து பழகுகிறது. மாற்றிப்போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். கழற்றும்போதே ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, வரிசையாகக் குத்தி வைத்திருந்தால் இது ஒரு செட். இப்போது வெறும் எட்டு இரும்புக் குப்பிகள்.

இதைவிடக் கொடுமை மெயின் பேரிங் கேப், அதாவது கிராங்கை பிளாக்கோடு (இன்ஜினின் முக்கிய உடல்) பிடித்துவைக்கும் மூடி. பிரித்துப்போட்ட இன்ஜினின் பிளாக்கில் மூன்று கேப் இருக்க வேண்டும், பெயின்ட் டப்பாவில் இரண்டுதான் இருந்தன. இன்னொரு பிளாக்கின் கேப்பை எடுத்து மாட்ட முடியாது. பிளாக்கோடு சேர்த்து மாட்டித்தான் துளை கடைந்திருப்பார்கள். மாற்றினால் நேர்கோடு போய்விடும். இன்னொரு கேப் செய்து, மூன்று துளையையும் ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங் செய்யலாம். அந்தச் செலவுக்கு யார் வாங்குவார்கள்? ஒரு கேப் தொலைந்ததால் மொத்த பிளாக்கும் இரும்பு விலைக்கு வந்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் இதே விதிதான். ராடும் அதன் கேப்பும் ஜோடி, எண் குத்தியிருக்கும், பிரிக்கக்கூடாது. கழற்றிய கையோடு கேப்பை அதனதன் இடத்தில் மாட்டி, போல்ட்டை விரலால் இறுக்கி வைத்துவிடுவதுதான் நல்லது.

அந்த பிளாக்கை ஒரு ஐ.டி.ஐ.-யில் பாடம் எடுக்கும் நண்பர் வந்து எடுத்துப்போனார். நடுவில் அறுத்து, தண்ணீர் ஓடும் வழி, போர், கேம் எல்லாம் மாணவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்களாம்.

ரப்பர் சமாச்சாரத்தில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஆயில் சீல், கார்க் கேஸ்கட், ஹோஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போயிருந்தன. கார்க் கேஸ்கட் சுருங்கி, ஓட்டைக்கு ஓட்டை பொருந்தவில்லை. டயாஃப்ரம் மட்டும் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஊறி, விறைத்து, கடைசியில் நடுரோட்டில் காலை வாரிவிடும். தூக்கிப் போட்டேன். பழைய செம்பு கேஸ்கட்டுகளுக்கு நடுவே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அவற்றை உரசாதீர்கள், ஊதாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரமாக வைத்தேன்.

இனி விற்ற கதை.

முதலில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். எல்லாம் சேர்த்து எடைக்கு 7,000 என்றார். அடுத்து சென்னை புதுப்பேட்டையில் தொடர்புள்ள ஒரு வியாபாரி, மொத்தமாக 22,000. நல்ல விலைதானே என்று தோன்றியது. ஆனால் அவர் கண் எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். பிஸ்டன் பெட்டி, ஸ்டாண்டர்ட் பேரிங், ராக்கர் அசெம்பிளி என்று நாலு இடத்தில்தான் நின்றது. மீதியை அவர் எடைக்குத்தான் போடப்போகிறார். மொத்த விலை என்பது அந்த நாலு சாமானின் விலை. அதை அப்புறம் தனித்தனியாக விற்றபோது தெரிந்துகொண்டேன்.

தனித்தனியாக விற்க ஏழு மாதம் ஆனது. கையில் வந்தது 41,000. இதில் அளவு பார்த்த கூலி, ஹெட்டுக்குச் சீட் போட்டது, போக்குவரத்து எல்லாம் கழித்தால் 30,000 தேறும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று கேட்காதீர்கள். ஷெட்டை அடுத்த மாதமே காலி செய்ய வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் 22,000-த்தை வாங்கிக்கொண்டு போயிருப்பேன், அதிலும் தப்பில்லை. அம்மா அவசரப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு லாபம்.

அளவு எழுதிய சீட்டை ஒவ்வொரு சாமானிலும் கட்டிவிட்டதுதான் விற்பனைக்கு உதவியது. "கிராங்க், நல்ல கண்டிஷன்" என்றால் பேரம் ஆரம்பிக்கும். "மெயின் 1.960, 40-ல் இருக்கிறது, இனி தேய்க்க முடியாது" என்றால் வேண்டியவர் மட்டும் வருவார். 40 கிராங்கையே ஒருவர் விரும்பி வாங்கினார். வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் கண்காட்சி வண்டிக்கு அது தாராளம்.

பிளாக் விற்கும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருந்தேன். இன்ஜின் நம்பர் பிளாக்கில் இருக்கும், அது ஏதோ ஒரு வண்டியின் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். வாங்குகிறவர் தன் வண்டியில் பூட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். அப்போது இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். திருட்டு வண்டி சாமானாக இருந்தால் வாங்கினவரும் விற்றவரும் மாட்டிக்கொள்வார்கள். நல்ல வேளை, டிராவல்ஸ்காரர் வீட்டில் அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகல் ஒன்று இருந்தது. இன்ஜின் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம், வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல், தேதி போட்ட ரசீது. இத்தனையும் முடிந்த பிறகுதான் பிளாக் கைமாறியது. சேலத்திலிருந்து வந்தவர் அதையும் 40 கிராங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். காகிதம் இல்லையென்றால் பிளாக்கை விற்காதீர்கள், நகல் இல்லாமல் வாங்கவும் வாங்காதீர்கள்.

வைத்துக்கொள்வதற்கு அம்மா ஒரு எல்லை போட்டார்: "ஒரு பீரோ. அதுக்குள்ள என்ன வேணா வெச்சுக்க." இந்த எல்லை இல்லாவிட்டால் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். பழைய இரும்பு பீரோ ஒன்றைத் துடைத்து, தரையைத் தொடாமல் மரப்பலகை மேல் நிறுத்தினேன். 10 தௌ கிராங்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் வழியில் துணித்திரி விட்டு இழுத்து, கிரீஸ் தடவி, பாலிதீனில் சுற்றி நிமிர்த்திக் கட்டிவிட்டேன். படுக்கப்போட்டால் வளையும் என்று அண்ணன் சொல்கிறார். கிரைண்டிங் பட்டறைக்காரர் அதெல்லாம் சும்மா என்கிறார். நிமிர்த்தி வைத்தால் இடமும் மிச்சம், சண்டையும் இல்லை. மேல் தட்டில் ஹெட், ராக்கர் அசெம்பிளி. ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பார்த்துதான் தேர்ந்தெடுத்தேன். தேய்மானம் மேலே தெரியாது, கீழேதான் பள்ளம் விழும். அப்புறம் 40 பிஸ்டன், 20, 30 பேரிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று, வாட்டர் பம்ப் ஒன்று. பீரோ நிறைந்தது.

டைனமோவையும் பிராக்கெட்டையும் வைக்க இடமில்லை. டைனமோவைக் காசுக்குக் கொடுத்தேன். பிராக்கெட்டையும் இரண்டு புல்லியையும் சேலத்துக்காரருக்குச் சும்மாவே கொடுத்தேன். பெரிய மனசு பண்ணிய சந்தோஷம் வேறு.

நாலு மாதம் கழித்து, பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி முன்பக்கம் கடகடவென்று சத்தம். பானெட்டைத் தூக்கினால் டைனமோ ஒரு பக்கம் தொங்குகிறது. பிளாக்கில் மாட்டும் பிராக்கெட் இரண்டாக உடைந்திருந்தது. பீரோவில் இருக்கும் கிராங்கும் ஹெட்டும் அன்றைக்கு எந்த உதவிக்கும் வரவில்லை. வெல்டிங் வைத்தோம், வார்ப்பிரும்பு, இரண்டே மாதத்தில் மறுபடி அதே இடத்தில் விட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று ஊரில் விசாரித்தாயிற்று. டைனமோ இருக்கிறது, பிராக்கெட் இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு சேலத்துக்குப் போன் போட்டேன். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும், எடுத்துத்தான் வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். 1,500 ரூபாய், பஸ் பார்சல் கூலி தனி. பேரம் பேசவில்லை.

அந்த பிராக்கெட்தான் இப்போது வண்டியில் இருக்கிறது. அதற்கு ஸ்பேர் கிடையாது.